மண்பாதையில் வண்டியை இறக்கும் முன் வரைபடத்தில் பார்க்க வேண்டியது

கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டத் திட்டமிடும்போது, செயற்கைக்கோள் படத்தில் தெரியும் தடத்தை மட்டும் நம்பாமல், தன்னார்வலர்கள் உருவாக்கும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் வலது ஓரத்தில் கேள்விக்குறியுடன் இருக்கும் பொத்தானை அழுத்தி, அந்தப் பாதையின் மேல் சொடுக்கி, அதன் விவரக் குறிப்புகளைப் படித்துவிடுங்கள். செயற்கைக்கோள் படம் தடம் இருப்பதைக் காட்டுமே தவிர, அதில் செல்ல உரிமை உண்டா என்பதைச் சொல்லாது. இங்கோ 'மோட்டார் வெஹிக்கிள்' (மோட்டார் வண்டி), 'ஆக்சஸ்' (செல்லும் அனுமதி) என்னும் குறிப்புகளுக்கு எதிரே 'நோ' என்றோ 'பிரைவேட்' என்றோ இருந்தால், புறப்படும் முன்பே அந்த வழியைக் கைவிட்டு எரிபொருளை மிச்சப்படுத்தலாம். 'டிராக்டைப்' (தடத்தின் வகை) என்னும் குறிப்பில் உள்ள 1 முதல் 5 வரையிலான தரம் பாதையின் உறுதியை மட்டுமே குறிக்கும் (1 கெட்டியானது, 5 மிக மென்மையானது). அதை அனுமதியாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, அது தவறு.

குறிப்பு எதுவும் பதியப்படாத பாதைக்கு இந்த வழி உதவாது, ஏனெனில் குறிப்பு இல்லாமை அனுமதி ஆகாது. தன்னார்வலர்கள் பதியும் தகவல் என்பதால் மழைக்கால அடைப்பு போன்ற தற்காலிகத் தடைகள் விடுபடக்கூடும். நிலத்தை நிர்வகிக்கும் துறையின் வரைபடமோ வழியிலுள்ள பலகையோ வேறு சொன்னால் அதுவே செல்லும்.