பழைய ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

"முரட்டு வண்டி சார், எதையும் தாங்கும்" என்று சொல்லித்தான் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் கைமாறுகின்றன. தாங்கும்தான். ஆனால் சாதாரண வண்டியில் இருப்பது போக இதில் இன்னொரு டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இடது, வலது சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் உருள விடும் பல்சக்கரத் தொகுதி), இன்னொரு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (சக்தியை அங்கே கொண்டுபோகும் தண்டு), நடுவில் சக்தியை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் இருக்கின்றன. முரட்டு வண்டிதானே என்று விட்டுவிட்டால் இவைதான் முதலில் அடிவாங்கும்.

புதிதாக வாங்கியவர்கள் அதிகம் செய்யும் தவறு, காய்ந்த தார் ரோட்டில் 4H (நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டு ஓட்டுவது. கூடுதல் பிடிப்பு கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். பழைய வண்டிகளில் பல பார்ட் டைம் வகை, அதாவது தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடுவது. நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் உருள வேண்டும். மண்ணிலோ சேற்றிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க இடமில்லாததால், அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரங்களிலும் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி குதித்துக் குதித்துத் திரும்பும், கடைசியில் லீவர் 2H-க்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலைக்கு) வரவே வராது. அப்போது லீவரை உதைக்காதீர்கள். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு தளர்ந்து தானாகக் கழன்று வரும்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. வருஷக்கணக்கில் 4L (நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் நிலை) பக்கம் போகவே மாட்டார்கள். தேவைப்படும் நாளில் லீவர் இறுகிக் கிடக்கும். மாதம் ஒருமுறை மண் தரையில் கொஞ்ச தூரம் போட்டு ஓட்டினால் போதும். முன் சக்கரத்தில் கையால் திருப்பும் ஹப் (சக்கரத்தை அதன் ஷாஃப்டோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள். ஹப்பை லாக் செய்யாமல் லீவரை மட்டும் போட்டுவிட்டு, முன் சக்கரம் ஏன் இழுக்கவில்லை என்று குழம்புகிறவர்கள் நிறைய. நானும் அப்படி நின்றவன்தான்.

அப்புறம் ஆயில். இன்ஜின் ஆயிலை ஒழுங்காக மாற்றுகிறவர்கள்கூட டிரான்ஸ்ஃபர் கேஸையும் இரண்டு டிஃபரன்ஷியல்களையும் மறந்துவிடுகிறார்கள். முந்தைய சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆயில் ஊற்றும் மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள், வடிக்கும் பிளக்கை அப்புறம். நான் முதல் தடவை அவசரத்தில் கீழே வடித்துவிட்டேன். மேல் பிளக் துரு ஏறி அசையவே இல்லை; ஸ்பேனர் நழுவி அதன் முனைகளும் மழுங்கிவிட்டன. ஒரு சொட்டு ஆயில் இல்லாத டிஃபரன்ஷியலோடு வண்டி இரண்டு நாள் நின்ற இடத்திலேயே நின்றது.

வடித்த ஆயில் பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் (டிஃபரன்ஷியல் இருக்கும் அச்சு) குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். ஆக்ஸில் மேலே காற்று போய்வர இருக்கும் சின்ன பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால், ஆக்ஸில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதரைச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாய் மாட்டி உயரத்தில் கட்டிவிடுங்கள். செலவு ரொம்பக் குறைவு.

துரு விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. கதவிலும் மட்கார்டிலும் தெரியும் துரு பெரிய விஷயமில்லை. வண்டியைத் தாங்குவது சேசிஸ். அதன் உட்பக்கத்தில் சேறு தங்கி ஈரம் காயாமல் உள்ளிருந்தே அரிக்கும். அடியில் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். ஸ்பிரிங் மாட்டும் இடங்களை விட்டுவிடாதீர்கள்.

டயரில் இரண்டு விஷயம். நாலும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீலில் மேலே சொன்ன அதே முறுக்கு வரும். ஸ்டெப்னியின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் 2312 என்று இருந்தால் அது 2012-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் முதிர்ந்துவிட்டது.

கடைசியாக, மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும்போது டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு போடவே போடாதீர்கள். திடீர் இழுப்பில் அது முறிந்து குண்டு மாதிரிப் பறக்கும்; ஆளைக் கொன்றுவிடும். இழுவை வளையம் முன்னும் பின்னும் இருக்கிறதா, அது சேசிஸில் போல்ட் போட்டிருக்கிறதா, வெறும் பம்பரில் தொங்குகிறதா என்று வீட்டு வாசலிலேயே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள். சேற்றில் படுத்துத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு, உங்களுக்கு வேண்டாம்.