கௌளைக்கு நாலெழுத்தா, அஞ்செழுத்தா?

இசைத்துறை அலுவலகத்தில் மாணவர் கச்சேரிக்கான நிரல் தயாரித்தேன். ராகப் பெயரைக் கொடுத்தால் எக்செல் இன்னொரு தாளில் அதைத் தேடி, மேளகர்த்தா (தாய் ராக) எண்ணைத் தர வேண்டும். கௌரிமனோகரிக்கு 23, மாயாமாளவகௌளைக்கு 15 என வராமல் பிழைதான் வந்தது. கௌளைக்கும் அதே கதி. மற்ற ராகங்கள் சரி.

இடைவெளி நீக்கினேன், ஃபாண்ட் மாற்றினேன், கோப்பைப் புதிதாகச் சேமித்தேன். மூன்று நாள் போச்சு.

கடைசியில் எழுத்தையும் அதோடு சேரும் குறியையும் தனித்தனியாக எண்ணும் 'லென்' சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒரு தாளில் கௌளை 4, இன்னொன்றில் 5! யாரோ ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் தட்டியிருக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

அவசரத்தில் எல்லா 'ெள'வையும் மாற்றியதில் தேதிப் பட்டியலில் இருந்த 'வெள்ளி' சிதைந்தது. பின்வாங்கி, ராகப் பத்தியை மட்டும் தேர்ந்து, 'கெள' என்பதைக் 'கௌ' ஆக்கினேன். மூன்றும் வந்துவிட்டன. அப்பாடா!