14 வயதுக்குட்பட்ட கால்பந்து அணி: நல்ல பிள்ளைகளைத் தவறவிடாமல் எடுப்பது எப்படி

நாற்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அணியில் இடம் 18 என்று வைத்துக்கொள்வோம். பல பள்ளிகளில் தேர்வு ஒரே மாலையில் முடிந்துவிடுகிறது. மைதானத்தை நாலு சுற்று ஓடவிடுவார்கள், பிறகு பதினோரு பேர் ஆட்டம் இருபது நிமிடம். இதில் தேறுவது அன்றைக்கு உயரமும் வேகமும் உள்ள பிள்ளைகள். ஓரத்தில் நின்றவன் காலுக்குப் பந்து இரண்டு முறைகூட வந்திருக்காது. அவனைப் பார்க்காமலேயே வேண்டாம் என்று எழுதிவிடுகிறோம்.

பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் வயதை டிசம்பர் 31-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவனுக்கும் நவம்பரில் பிறந்தவனுக்கும் பத்து மாத இடைவெளி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். கனடாவின் ஐஸ் ஹாக்கி இளையோர் லீக்குகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருந்ததை 1985-இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். கால்பந்திலும் இதே கதைதான். இது போக, பையன்களின் உயரம் மிக வேகமாகக் கூடுவது சராசரியாக 14 வயதை ஒட்டி. சிலருக்கு அது 12-லேயே வந்துவிடும், சிலருக்கு 15 ஆகும். சீக்கிரம் வளர்ந்தவனைத் திறமைசாலி என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், வீரர்களின் பிறந்த தேதியைத் தாளில் கொடுத்தபோது, வயதில் மூத்தவர்கள் பக்கம் தேர்வாளர்களுக்கு இருந்த சாய்வு போகவில்லை. சட்டை எண்ணையே வயது வரிசையில் கொடுத்து, அதன் பொருளையும் சொன்னபோது போய்விட்டது. நீங்களும் செய்யலாம். எமிஸ் என்ற பள்ளி மாணவர் தகவல் பதிவில் உள்ள பிறந்த தேதிப்படி வரிசைப்படுத்தி, மூத்தவனுக்கு 1, இளையவனுக்கு 40 என்று எண் கொடுங்கள். மாஸ்கிங் டேப்பில் மார்க்கரால் எழுதி நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டினால் போதும். ஊக்கு வேண்டாம், விழும்போது குத்தும். மதிப்பெண் போடுகிறவர்களிடம் "எண் பெரிதானால் வயது சிறிது" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பயனில்லை.

தேர்வு ஆட்டத்தை ஐவர் ஆட்டமாக வையுங்கள். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் இரண்டு சிறிய களங்கள், இரண்டு மீட்டர் அகலத்தில் கோல், கோல்கீப்பர் இல்லை. இருபது பேர் ஆடும்போது இருபது பேருக்கு ஓய்வு. ஓர் ஆட்டம் 6 நிமிடம், மாறுவதற்கு 2 நிமிடம். பத்துச் சுற்றில், அதாவது 80 நிமிடத்தில், ஒவ்வொருவருக்கும் ஐந்து ஆட்டம் கிடைத்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டாளிகளை மாற்றுங்கள். இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரன் பக்கத்தில் நின்றவனும் நல்லவனாகத் தெரிவான். கேப்டன்களை விட்டு ஆள் பிரிக்கவே கூடாது. கடைசியில் தனியாக நிற்கிற பிள்ளை அதற்குப் பிறகு ஆடுவதே வேறு மாதிரி இருக்கும். கோல்கீப்பர்களைத் தனியாக இருபது நிமிடம் பாருங்கள்.

பூட்ஸ் போட்டவனையும் வெறுங்காலோடு வந்தவனையும் ஒன்றாக இறக்காதீர்கள். வெறுங்கால் பிள்ளை மிதிபடப் பயந்து பந்தை விட்டு விலகுவான், பார்ப்பவருக்கு அது துணிச்சல் இல்லாததாகத் தோன்றும். அன்றைக்கு எல்லாரும் கேன்வாஸ் ஷூ, அல்லது எல்லாரும் வெறுங்கால்.

பார்ப்பவர்கள் மூன்று பேர் இருக்கட்டும். அணியில் சேரக்கூடிய பிள்ளையின் அப்பாவோ மாமாவோ அதில் வேண்டாம். ஒவ்வொருவரும் தனித்தனித் தாளில் நான்கு விஷயங்களுக்கு 1 முதல் 5 வரை போடட்டும்: நெருக்கடியில் பந்தை நிறுத்தும் முதல் தொடல், பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கும் பழக்கம், பந்து காலில் இல்லாதபோது நகர்வது, பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று விநாடியில் செய்வது. உயரத்துக்கும் ஓட்டத்துக்கும் மதிப்பெண் கிடையாது. தாளை மடித்துக் கொடுக்கும் வரை மூவரும் பேசிக்கொள்ளக் கூடாது. ஒருவர் "அந்தப் பையன் சூப்பர்" என்று சொல்லிவிட்டால் மற்ற இருவரின் கண்ணும் அவன் பின்னாலேயே போகும்.

கூட்டிப் பார்த்தால் முதல் பத்துப் பன்னிரண்டு பேர் பெரும்பாலும் தெளிவாக வந்துவிடுவார்கள். சிக்கல் 13-ஆம் இடத்திலிருந்து 25-ஆம் இடம் வரை. அங்கே ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்குப் பொருளே இல்லை. அந்தப் பிள்ளைகளை மூன்று நாள் கழித்து மறுபடி ஆடவிடுங்கள். முதல் நாள் காய்ச்சலிலோ, டியூஷனாலோ, கடைசி பஸ்ஸுக்காகவோ வராமல் போனவர்களையும் அன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இறுதிப் பட்டியல் தயாரானதும் எண்களை ஒருமுறை பாருங்கள். 18 பேரில் பதினான்கு பேர் 20-க்குக் கீழ் எண்காரர்கள் என்றால், எல்லைக்கோட்டில் விடுபட்ட பெரிய எண்காரர்களின் தாளை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும்.

இனி, இடம் கிடைக்காத பிள்ளையிடம் சொல்வது. நோட்டீஸ் போர்டிலும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் பட்டியலைப் போடாதீர்கள். தன் பெயர் இல்லை என்பதை அந்தப் பிள்ளை ஊர் பார்க்கத் தெரிந்துகொள்கிறான், பலர் மைதானத்துக்கு வருவதை நிறுத்துவது அன்றுதான். இரண்டு நாளுக்குள் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து மூன்று நிமிடம் பேசுங்கள். நன்றாகச் செய்த ஒன்று, பழக வேண்டிய ஒன்று, மறுபடி பார்க்கப்போகும் தேதி. "முயற்சி பண்ணு" என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது. "இடது காலால் சுவரில் அடித்து நிறுத்துவது, தினம் நூறு" என்றால் நாளைக்கே தொடங்குவான். "நீ குட்டை" என்ற சொல் வாயில் வரவே கூடாது.

கேட்க வரும் பெற்றோர் ஒரு நாள் ஆறவிட்டு, பிள்ளையோடு வருவது நல்லது. எதில் குறை, எப்படிப் பழகுவது, அடுத்து எப்போது பார்ப்பீர்கள் என்று அவர்கள் கேட்கட்டும். இன்னொரு பிள்ளையின் பெயரை எடுத்தால் பேச்சு அங்கேயே கெட்டுவிடும்.

பக்கத்துப் பள்ளிகளுக்குள் நாக்-அவுட் முறையில் நடக்கும் குறுவட்டப் போட்டி ஒரே தோல்வியில் முடிந்துவிடக்கூடும். அந்த ஓர் ஆட்டத்துக்காக 22 பேரை ஆண்டு முழுவதும் வெளியே நிறுத்துவது பெரும் நஷ்டம். அவர்களுக்கும் வாரம் இரண்டு நாள் அதே பந்து, அதே ஆசிரியர், மாதம் ஒருமுறை பக்கத்துப் பள்ளியோடு நட்பு ஆட்டம் என்று வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாருடைய உயரத்தையும் அளந்து எழுதுங்கள். திடீரென்று வளர்கிறவனுக்குச் சில மாதம் கால் சொல்பேச்சு கேட்காது, முட்டிக்குக் கீழே வலிக்கவும் கூடும். அந்த நேரத்து ஆட்டத்தை வைத்து அவனைக் கழிக்காமல், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் நடக்கும் அடுத்த அணித் தேர்வில் மறுபடி பாருங்கள்.