வீட்டோடு இருக்க நேர்ந்தால், ஒரு தகரப் பெட்டியைத் திறங்கள்

மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருப்பதைக் கவனிக்காமல் காலை வைத்துவிட்டேன். கணுக்காலில் எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டில், ஜன்னலோர நாற்காலி, குளியலறை. அதற்கு மேல் நகர வழியில்லை.

முதல் வாரம் முழுக்க போனிலேயே போய்விட்டது. இரவு படுக்கும்போது இன்று என்ன செய்தோம் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது, கண் எரிச்சல்தான் மிச்சம். இரண்டாம் வாரம் பெரிய அட்டவணை ஒன்று போட்டேன். காலை ஆறு முதல் இரவு பத்து வரை மணிக்கு ஒரு வேலை. மூன்றாம் நாளே அந்தத் தாளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதற்கப்புறம் எனக்குப் பிடிபட்ட வழியைத்தான் இங்கே சொல்கிறேன். உடம்பு முடியாமலோ, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்வதற்காகவோ, எந்தக் காரணத்துக்காக வீட்டோடு இருந்தாலும் உதவும்.

பத்து வேலை வேண்டாம், ஒன்று போதும். அதை இருந்த இடத்திலேயே செய்ய முடிய வேண்டும். அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், சாயங்காலம் எண்ணிச் சொல்ல முடிய வேண்டும். ‘புது மொழி படிக்கிறேன்’ என்பதை எண்ண முடியாது. ‘இன்று பத்து வாக்கியம் எழுதினேன்’ என்பதை எண்ணலாம். வீட்டுக்குள் ஒரு நாளும் அடுத்த நாளும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த எண் ஒன்றுதான் நேற்றையும் இன்றையும் பிரித்துக் காட்டுகிறது.

நான் எடுத்துக்கொண்டது பழைய போட்டோக்கள். பரணில் கிடந்த தகரப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னேன். எண்ணிப் பார்த்ததில் 386 படங்கள்.

இந்த வேலையை எடுப்பவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். கையைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ளுங்கள். படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். தூசியை மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும், ஈரத்துணி படவே கூடாது. ஆண்டு வாரியாகப் பிரிக்கலாம் என்று ஆரம்பித்தால் முதல் பத்துப் படத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். முதலில் படத்தின் அளவையும் வெள்ளை ஓரத்தையும் பின்பக்க முத்திரையையும் பார்த்துப் பிரியுங்கள். ஒரே மாதிரி ஓரம், ஒரே உடை, பின்னால் ஒரே சுவர் என்றால் பெரும்பாலும் ஒரே ஃபிலிம் சுருள்தான். அதில் ஒரு படத்துக்குத் தேதி தெரிந்தால் மற்றவற்றுக்கும் தெரிந்த மாதிரி.

பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் மேடாகத் தெரியும், மை அடுத்த படத்தில் ஒட்டும். கண்ணாடி மேல் படத்தைக் கவிழ்த்து வைத்து, 2பி அல்லது அதைவிட மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். 1970களுக்குப் பிறகு வந்த கலர் படங்களில் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், பென்சில் சரியாகப் பிடிக்காது. அவற்றை உறையில் போட்டு, உறைமேல் எழுதுவது நல்லது. படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படங்களை இழுக்க வேண்டாம். பல்லிடுக்கில் விடும் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவே விட்டு, ரம்பம்போல மெல்ல இழுத்தால் பிரிந்து வரும். பிடிவாதமாக ஒட்டியிருந்தால் அப்படியே விட்டு, ஆல்பத்தோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வையுங்கள். நான்குக்கு ஆறு அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாக வரும், பெரிதாக்கி முகம் பார்க்க அது தாராளம். இல்லையென்றால் போனே போதும். ஃப்ளாஷை அணைத்து, நேர் வெயில் விழாத ஜன்னலோரத்தில் வைத்து, போன் சாயாமல் நேர் மேலிருந்து எடுங்கள். கோப்புப் பெயரில் ஆண்டை முதலில் போடுங்கள், பிறகு மாதம், நாள். ‘1984-06-12’ என்று போட்டால் கணினி தானே வரிசைப்படுத்திக்கொள்ளும். மூன்று பிரதி இருக்கட்டும், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில். ஒன்றாவது வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் கைவேலை. நாள் நிறைந்தது பெரியவர்களிடம் கேட்கும்போதுதான். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். அனுப்பிய உடனே பேசாமல், அவர்கள் பார்த்து முடித்த பிறகு கூப்பிடுங்கள். பதிவு செய்யலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ‘இது யார்?’ என்பதோடு நிறுத்தாமல் ‘இதை யார் எடுத்தது, பக்கத்தில் யார் நின்றார்கள்?’ என்றும் கேளுங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் போனால் அவர்களுக்குக் களைப்பாகிவிடும்.

அத்தைக்கு எண்பத்திரண்டு வயது. அவர் ஆறேழு வயதில் ஸ்டூல் மேல் நிற்கும் படம் ஒன்றை அனுப்பியிருந்தேன். இடது ஓரத்தில் ஒரு கை, மணிக்கட்டு வரைக்கும்தான் தெரியும், அத்தையின் தோளுக்குப் பின்னால் போகிறது. வெட்டுப்பட்ட படம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

“அது எங்க அம்மா கைடா,” என்றார். “படம் எடுக்க வேண்டாம்னு ஒதுங்கி நின்னா. நான் விழுந்துடுவேன்னு பிடிச்சிக்கிட்டா.”

பாட்டியின் படம் என்று எங்கள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. அந்தக் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் நகத்துக்குக் கீழே ஒரு தழும்பு. அப்பாவுக்கும் அந்தத் தழும்பைப் பற்றித் தெரியவில்லை. மறுநாள் அத்தையைத் திரும்பக் கூப்பிட்டேன். அரிவாள்மணையில் பட்டதாம்.

போட்டோ வேலை எல்லாருக்கும் ஒத்துவராது. கணினி இருந்தால் தமிழ்99 தட்டச்சு பழகுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் கை பழகிவிடும். 1999இல் வந்த விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். எஃப், ஜே விசைகளில் தடவிப் பார்த்தால் சிறு மேடு இருக்கும், ஆள்காட்டி விரல்கள் அங்கேதான் இருக்க வேண்டும். ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும், புள்ளி தானாக விழும். ஒரு நாளைக்கு ஒரு பத்தி, எத்தனை பிழை என்று எண்ணுங்கள்.

அது கைவந்தபின் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் மெய்ப்புப் பார்க்கலாம், அதாவது எழுத்துப் பிழை திருத்தலாம். பழைய நூல்களின் ஸ்கேன் பக்கம் ஒரு புறம், எழுத்து மறு புறம். சரிபார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தால் மஞ்சள், இரண்டாமவரும் பார்த்தால் பச்சை. நான் பார்த்த பக்கத்தை முகம் தெரியாத ஒருவர் பச்சையாக்கிய அன்று, வீட்டுக்கு யாரோ வந்துபோன மாதிரி இருந்தது.

எந்த வேலையானாலும் காலையில் முதல் வெளிச்சம் முகத்தில் படும்படி உட்காருங்கள். இரவுத் தூக்கத்துக்கு அது மிகவும் முக்கியம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தூரத்தில் எதையாவது இருபது விநாடி பாருங்கள். நடக்க முடிந்தவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். என்னைப் போலக் கட்டுப் போட்டவர்கள் எந்த அசைவு செய்யலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, அதை மட்டும் தவறாமல் செய்யுங்கள்.

ஒன்றும் செய்யப் பிடிக்காத நாளும் வரும், வலி இருந்தால் கட்டாயம் வரும். அன்றைக்கு ஒரே ஒரு படம் போதும். நான் அப்படி ‘1’ என்று எழுதிய நாட்கள் ஐந்து. பூஜ்யம் என்று எழுதவில்லை.

கட்டுப் பிரித்த அன்று 241 ஆகியிருந்தது. மீதியை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறேன். அத்தையின் படத்துக்கு உறைமேல் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ‘ஸ்டூல் மேல் அத்தை. இடது ஓரத்தில் பாட்டி.’