போதை மீட்புப் பணிக்குப் பயிற்சி பெறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுவிலிருந்தும் போதைப்பொருளிலிருந்தும் மீள நினைப்பவர்களுக்குத் துணை நிற்கும் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். பயிற்சிக் காலத்தில் நேரும் தவறுகள் பலவற்றுக்கும் அந்த நல்ல மனமே காரணமாகிவிடுகிறது. எதிரில் இருப்பவரை உடனே சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எது தன் வேலை, எது மருத்துவருடைய வேலை, எது அந்த நபரே எடுக்க வேண்டிய முடிவு என்ற எல்லைகள் மறந்துபோகின்றன. இந்த வேலையில் அந்த மறதிக்கு விலை சில சமயம் ஓர் உயிர்.

வேலை எதுவென்று தெரியாமல் வகுப்பில் சேர்வது

மீட்புப் பணி என்பது ஒரே வேலை அல்ல. தன் சொந்த மீட்பு அனுபவத்தைக் கொண்டு துணை நிற்கும் சக ஆதரவாளர் இருக்கிறார். மதிப்பீடு செய்து, சிகிச்சைத் திட்டம் எழுதி, தனியாகவும் குழுவாகவும் கவுன்சலிங் தரும் ஆலோசகர் இருக்கிறார். மறுவாழ்வு இல்லத்தில் ஷிப்ட் முறையில் கூடவே இருக்கும் பணியாளரும் இருக்கிறார். ஒரு வேலைக்கான சான்றிதழ் இன்னொன்றுக்குச் செல்லாமல் போகலாம். பணம் கட்டுவதற்கு முன்பே, வேலை செய்ய விரும்பும் இடத்திலும் உரிமம் தரும் அமைப்பிடமும் கேட்டுவிடுங்கள்: இந்தச் சான்றிதழை ஏற்கிறீர்களா? மேற்பார்வையின் கீழ் எத்தனை மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும்? அந்த மணி நேரத்துக்குக் கையெழுத்துப் போடுபவருக்கு என்ன தகுதி வேண்டும்? பலரும் கேட்காமல் விடுவது கடைசிக் கேள்வியைத்தான். தகுதியில்லாதவர் கையெழுத்திட்டால் மாதக்கணக்கில் உழைத்தது கணக்கிலேயே சேராது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: ஐசி அண்ட் ஆர்சி என்ற சர்வதேசச் சான்றளிப்புக் கூட்டமைப்பு சக ஆதரவாளருக்குக் கேட்பது குறைந்தது 46 மணி நேரப் பாடம், 500 மணி நேரப் பணி அனுபவம், 25 மணி நேர மேற்பார்வை. அந்த 46 மணி நேரத்தில் 16 மணி நேரம் நெறிமுறைக்கு. மற்ற மூன்று பகுதிகளுக்கும் தலா 10 மணி நேரம்தான். நெறிமுறையை ஒரே உரையில் முடித்துவிடும் பயிற்சி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சேர வேண்டாம்.

“இன்றோடு நிறுத்திவிடுங்கள்” என்பது

தவறுகளிலேயே மிக ஆபத்தானது இது. நீண்ட நாட்களாகத் தினமும் அதிகம் குடித்து வருபவர் மருத்துவக் கவனிப்பு இல்லாமல் திடீரென நிறுத்தினால் இறக்கக்கூடும். மது மூளையின் வேகத்தைக் குறைக்கிறது. அதை ஈடுகட்ட மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கும். மது நின்றவுடன், தடுக்க எதுவும் இல்லாமல் அந்தக் கிளர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். காய்ச்சல், கடும் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது ஆகியவற்றோடு வரும் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற நிலை பெரும்பாலும் 48 முதல் 96 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். முதல் நாள் சமாளித்துவிட்டார், இனிப் பயமில்லை என்று எண்ணுவது இங்கேதான் ஏமாற்றுகிறது.

பென்சோடயசபைன் வகைத் தூக்க மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு வரக்கூடும். ஹெராயின் போன்ற ஓப்பியாய்டுகளை நிறுத்தும்போது படும் வேதனை மிகக் கடுமையானது என்றாலும், அந்த விலகல் (நிறுத்தியதும் உடல் படும் பாடு) மட்டும் உயிரைப் பறிப்பது அரிது. எந்தப் பொருளை நிறுத்தினால் எந்த ஆபத்து என்பதைக் குழப்பிக்கொள்ளாமல் மனப்பாடமாகவே வைத்திருங்கள்.

விலகலைக் கையாள்வது மருத்துவக் குழுவின் வேலை. உங்கள் வேலை சரியான தகவலைச் சரியான நேரத்தில் அவர்களிடம் சேர்ப்பது. கடைசியாக எப்போது குடித்தார், ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்ததா, வேறு என்ன மாத்திரை எடுக்கிறார், கர்ப்பமா, ஈரல் அல்லது இதய நோய் உண்டா என்று கேட்டு, பதில்களை அப்படியே எழுதிக் கொடுங்கள். முன்பு விலகலில் வலிப்பு வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். அந்த ஒரு பதில் கிடைத்தால் அடுத்த வாரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் போடக்கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வித்தாள்களைக் கலந்துவிடுவதும் சகஜமாக நடக்கிறது. குடிப்பழக்கத்தை அளவிட உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் (AUDIT) படிவத்தில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8-ம் அதற்கு மேலும் வந்தால் குடி தீங்கு தரும் அளவில் இருக்கக்கூடும் என்று பொருள். விலகல் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு இருப்பது சைவா (CIWA-Ar) என்ற அளவுகோல். அதிலும் 10 அம்சங்கள்தான், ஆனால் மொத்தம் 67 மதிப்பெண். பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது.

இன்னொன்று: தள்ளாடுகிறார், பேச்சில் குழப்பம், கண்கள் விநோதமாக அசைகின்றன என்றால் “மறுபடி குடித்துவிட்டு வந்திருக்கிறார்” என்று முடிவு கட்டாதீர்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் குறைவால் வரும் வெர்னிக்கி மூளைப் பாதிப்பும் இதே தோற்றத்தில்தான் இருக்கும். உடனே ஊசி மூலம் தயமின் கொடுத்தால் மீட்கலாம். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடலாம்.

சிகிச்சை முடிந்தவுடன் ஆபத்தும் முடிந்ததென்று நினைப்பது

ஓப்பியாய்டு எடுத்து வந்தவர் சில வாரங்கள் நிறுத்தியிருந்தால் அவர் உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவே இப்போது மூச்சை நிறுத்தப் போதும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள் இதனால்தான் மிக ஆபத்தானவை. “அதைப் பற்றிப் பேசினால் ஆசையைத் தூண்டிவிடுவோமோ” என்று பயந்து பலர் இதைச் சொல்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். வெளியே அனுப்பும் முன் நேராகச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும், அவர் சம்மதித்தால், சொல்லுங்கள்.

மூச்சு மிக மெதுவாகவோ குறட்டை போலக் களகளவென்றோ வருவது, உதடு நீலமாவது, கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவது, உலுக்கினாலும் எழாமல் கிடப்பது ஆகியவை அதிக அளவு எடுத்ததற்கான அடையாளங்கள். தண்ணீர் தெளிப்பது, நடக்க வைப்பது, “தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்” என்று விடுவது எல்லாமே நேரத்தை வீணாக்கும். அவசர ஊர்தியை அழையுங்கள், ஓப்பியாய்டின் விளைவை முறிக்கும் நாலொக்சோன் மருந்து இருந்தால் கொடுங்கள், மூச்சு இல்லையென்றால் செயற்கைச் சுவாசம் கொடுங்கள். 2, 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இன்னொரு டோஸ். கண் விழித்துவிட்டார் என்று விட்டுப் போகக்கூடாது. நாலொக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் வேலை செய்யும். உடலில் இருக்கும் ஓப்பியாய்டு அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம். மதுவுக்கும் தூக்க மாத்திரைக்கும் நாலொக்சோன் முறிவு அல்ல, ஆனால் சந்தேகம் இருக்கும்போது கொடுப்பதால் கெடுதல் இல்லை.

மருந்தைக் குறை சொல்வது

“மெத்தடோன் எடுப்பதும் போதைதானே” என்ற பேச்சு புதியவர்களிடம் அடிக்கடி வருகிறது. ஓப்பியாய்டு அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோனும் பியூப்ரெனார்ஃபினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை, உயிரிழப்பைக் குறைப்பவை. உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் மருந்தை நிறுத்தினால் அவரை மேலே சொன்ன அதே ஆபத்தில் தள்ளுகிறீர்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. குடும்பத்தார் வந்து, “அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்க ஏதாவது மாத்திரை சொல்லுங்கள்” என்று கெஞ்சுவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை. அதை எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும், உயிரும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் 2 வாரம் வரைகூட இந்த எதிர்வினை வரக்கூடும். எடுப்பவருக்கே தெரியாமல் அதைக் கொடுக்கக்கூடாது. அவர்கள் கண்ணீரைப் பார்த்து மழுப்பாமல் அங்கேயே தெளிவாக மறுத்து, அவர்களுக்கென்று இருக்கும் ஆதரவுக் குழுவின் விவரத்தைக் கையில் கொடுங்கள்.

அறிவுரையை ஆலோசனை என்று நினைப்பது

பயிற்சியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஓர் உரையாடலைப் பாருங்கள்.

“விடணும்னுதான் தோணுது. ஆனா ராத்திரி குடிக்கலைன்னா தூக்கமே வர்றதில்ல.”

“குடிச்சிட்டு வர்றது நல்ல தூக்கமே இல்லீங்க. சாயங்காலம் கொஞ்சம் நடந்து பாருங்களேன்.”

“அதெல்லாம் பாத்தாச்சுங்க.”

“அப்ப டாக்டர்கிட்ட மாத்திரை கேக்கலாமே?”

“அப்புறம் மாத்திரை இல்லாம இருக்க முடியாமப் போயிட்டா?”

சொன்னது எதுவும் தவறான தகவல் அல்ல. ஆனால் ஒவ்வொரு யோசனைக்கும் அவர் ஒரு மறுப்பைத் தேடி எடுக்கிறார். பேசப் பேசக் குடிக்கான காரணங்களைத் தன் வாயாலேயே அடுக்குகிறார். “விடணும்னுதான் தோணுது” என்று அவர் முதலில் சொன்னது கேட்பாரற்றுப் போய்விட்டது. அதைப் பிடித்திருக்க வேண்டும்: “விடணும்ங்கிற எண்ணம் இருக்கு. ராத்திரியை எப்படித் தாண்டுறதுன்னுதான் கவலையா இருக்கு.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். பிறகு, “விடணும்னு எதனால தோணுச்சு?” மாற்றத்துக்கான காரணம் அவர் வாயிலிருந்து வர வேண்டும். உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் முன்வைத்த ஊக்க நேர்காணல் முறையின் உயிர்நாடியே இதுதான்.

இந்தத் திறமை பயிலரங்கில் உட்கார்ந்து கேட்டால் வந்துவிடாது. மில்லரும் அவருடன் இருந்தவர்களும் 140 பணியாளர்களை வைத்து நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பயிலரங்கு மட்டும் முடித்தவர்களின் முன்னேற்றம் சில மாதங்களில் தேய்ந்தது. பிறகும் கருத்துரையோ தனிப் பயிற்சியோ பெற்றவர்களிடம்தான் அது நிலைத்தது. எனவே சக மாணவர் ஒருவரோடு 20 நிமிட நடிப்பு உரையாடலைப் பதிவு செய்யுங்கள். நீங்கள் பேசியதை வரி வரியாக எழுதி, கேள்வி எது, அவர் சொன்னதை உள்வாங்கித் திருப்பிச் சொன்னது எது என்று குறியுங்கள். ஒரு கேள்விக்கு இரண்டு பிரதிபலிப்பு, அதாவது அப்படித் திருப்பிச் சொல்வது, என்பது நல்ல அளவு. முதல் பதிவில் பெரும்பாலோருக்குக் கேள்விகளே வரிசையாக நிற்கும்; அது சேவையல்ல, விசாரணை. உண்மையான நபரைப் பதிவு செய்வதானால் எழுத்து மூலமான சம்மதம் கட்டாயம்.

ஒருவர் மறுபடி குடித்துவிட்டு வரும் நாளில் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். “இத்தனை நாள் இருந்துட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே” என்ற ஒரு வார்த்தை போதும், அவர் அடுத்த முறை வரமாட்டார். ஒரு முறை தவறியதும் “எல்லாம் போச்சு” என்ற குற்றவுணர்வு வந்து, அதுவே முழுச் சறுக்கலுக்கு இழுத்துச் செல்வதை உளவியலாளர் ஆலன் மார்லட் விரிவாக விளக்கியிருக்கிறார். முதலில் பாதுகாப்பைக் கேளுங்கள்: என்ன, எவ்வளவு, எப்போது, இப்போது தனியாக இருக்கிறாரா, உயிரை விடும் எண்ணம் உண்டா. அதன் பிறகு முந்தைய 24 மணி நேரத்தை மணிக்கணக்காகப் பின்னோக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் வேறு வழி இருந்தது என்பது அந்த விவரங்களில்தான் அகப்படும்.

சொந்தக் கதை, சொந்த எண், சொந்தப் பணம்

தானே மீண்டவர் என்பது பெரிய பலம். ஆனால் தன் கதையைச் சொல்லத் தொடங்கி 10 நிமிடம் ஆனால், எதிரில் இருப்பவர் உங்களைக் கவனித்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். இது யாருக்காக என்று முதலில் கேட்டுப் பார்த்து, இரண்டு மூன்று வாக்கியத்தில் முடித்து, பேச்சை அவரிடமே திருப்புங்கள். “நான் இப்படித்தான் விட்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்” என்பது வேண்டாம். குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற குழுவில் ஸ்பான்சராக, அதாவது புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினராக, இருப்பது சம்பளமில்லாத தோழமை; அந்த அமைப்பின் எட்டாவது மரபு அந்தப் பணியைத் தொழிலாக்கக் கூடாது என்கிறது. வேலையிடத்தில் இருக்கும் ஒருவருக்கு நீங்களே ஸ்பான்சராகவும் இருந்தால் இரண்டுமே கெடும். உங்கள் சொந்த மீட்புக்கான குழுவையும் வேலையிடத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் கொடுப்பது, சொந்த எண்ணைத் தருவது, சமூக வலைத்தளத்தில் நண்பராவது எல்லாம் கனிவோடுதான் தொடங்கும். இரவு 2 மணிக்கு நீங்கள் எடுக்காத அழைப்பு அவருக்குக் கைவிடப்பட்டதாகவே தெரியும். அலுவலக எண்ணையும் அவசர உதவி எண்ணையும் கொடுத்து, எந்த நேரத்தில் யார் எடுப்பார் என்று முதல் நாளே சொல்லுங்கள்.

ரகசியம் காப்பதில் இடறும் இடம் பெரும்பாலும் தொலைபேசிதான். “எங்க பையன் அங்க இருக்கானா?” என்ற கேள்விக்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் மீறல்தான். “யாரைப் பற்றியும் போனில் சொல்ல இயலாது” என்பதே பதில். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு போன்ற விதிவிலக்குகளை ஒருவர் மனம் திறந்து பேசுவதற்கு முன்பே, முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

குறிப்பும் மேற்பார்வையும்

“ஒத்துழைப்பு இல்லை, அலட்சியம்” என்று எழுதப்பட்ட குறிப்பு அடுத்த பணியாளருக்கு எதையும் சொல்லாது, அந்த நபரை மட்டும் முத்திரை குத்தும். “மூன்று சந்திப்புகளில் இரண்டுக்கு வரவில்லை, வேலை நேரம் மாறியதாகச் சொன்னார், மாலை நேரம் தர முடியுமா எனக் கேட்டார்” என்பது குறிப்பு. பார்த்ததையும் அவர் சொன்னதையும் எழுதுங்கள். உங்கள் ஊகத்தைத் தனியாக, ஊகம் என்றே குறியுங்கள். அன்றைக்கே எழுதுங்கள்.

மேற்பார்வையில் நன்றாகப் போனதை மட்டும் சொல்வது எல்லோருக்கும் வரும் ஆசை. எந்த நபரைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது, யாருக்கு மட்டும் விதியைத் தளர்த்துகிறீர்கள், யாரை நினைத்துத் தூக்கம் கெடுகிறது என்பதைத்தான் அங்கே கொண்டுபோக வேண்டும். கவனித்துவந்த ஒருவர் இறக்கவும் கூடும். அப்படி நேர்ந்தால் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அன்றே மேற்பார்வையாளரை அழையுங்கள்.

பயிற்சிக் காலம் முடியும்போது சொல்லாமல் போய்விடுவதும் ஒரு தவறு. கைவிடப்பட்டே பழகியவர்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்வார்கள். குறைந்தது 4 வாரம் முன்பே தேதியைச் சொல்லுங்கள், அடுத்து வருபவரைக் கூட வைத்துக்கொண்டு ஒரு சந்திப்பு நடத்துங்கள், கடைசிச் சந்திப்பில் அவர் எட்டியவற்றை அவர் சொற்களிலேயே ஒரு பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள்.