மூன்றாம் மணியா, ஆறாம் மணியா: ஈஸ்டர் கணக்கு இடித்தால் எப்படி வாசிப்பது

ஒரு தாளை நான்காக மடித்து, நான்கு சுவிசேஷங்களின் பெயரில் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று தலைப்புப் போட்டுக்கொள்ளுங்கள். ஈஸ்டர் காலையில் இயேசுவின் கல்லறைக்குப் போனது யார், எப்போது, அங்கே யாரைப் பார்த்தார்கள் என்று நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். அரை மணி நேர வேலைதான், ஆனால் முடிக்கும்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். மாற்கில் மூன்று பெண்கள், சூரியன் உதித்துவிட்டது. யோவானில் மகதலேனா மரியாள் மட்டும், இன்னும் இருட்டு. மத்தேயுவில் ஒரு தூதன், லூக்காவில் பிரகாசமான உடையில் இரண்டு பேர்.

இதில் பாதி தானாக அவிழும். யோவான் மரியாளை மட்டும் சொன்னாலும், அவள் சீஷனான பேதுருவிடம் ஓடிவந்து "அறியோம்" என்று பன்மையில்தான் பேசுகிறாள் (20:2). பூமிக்குள் இருப்பேன் என்று இயேசு சொன்ன மூன்று பகலும் மூன்று இரவும் வெள்ளி மாலைக்கும் ஞாயிறு காலைக்கும் நடுவில் அடங்காதே என்பவர்களை எஸ்தர் புத்தகத்துக்கு அனுப்புங்கள்: மூன்று நாள் அல்லும் பகலும் உபவாசம் என்று சொன்னவள் மூன்றாம் நாளிலேயே ராஜாவின் முன் போய் நிற்கிறாள். நாளின் ஒரு துண்டையும் ஒரு நாளாக எண்ணுகிற வழக்கம் அது.

அவிழாததும் உண்டு. மணிக்கணக்கு விடியலில் தொடங்குவதால் மாற்கின் 'மூன்றாம் மணி' நமக்குக் காலை 9. அப்போதே சிலுவையில் அறைந்தாயிற்று (15:25). யோவானிலோ ஏறக்குறைய ஆறாம் மணிக்கு, அதாவது நண்பகலில், இயேசு இன்னும் ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் நிற்கிறார் (19:14). யோவான் நள்ளிரவிலிருந்து எண்ணும் ரோமர் கணக்கில் சொன்னார், ஊரில் இரண்டு காலண்டர் இருந்தது என்றெல்லாம் விளக்கம் வரும், எனக்கு எதுவும் முழுசாக ஒட்டவில்லை. இந்த இடத்தில் ஒட்டுப்போடாதீர்கள். எல்லாவற்றையும் நேராக்கப் போன சிலர் இயேசுவைத் தெரியாது என்று பேதுருவை ஆறு தடவை மறுதலிக்க வைத்திருக்கிறார்கள். பாவம் மனுஷன், மூன்றுக்கே அழுதார்.

அப்புறம் லூக்காவின் கடைசி அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அப்போஸ்தலர் முதல் அதிகாரத்தைத் திறங்கள். முதலாவதில் உயிர்த்தெழுந்ததும் பரமேறியதும் ஒரே நாளில் நடந்த மாதிரி ஓடும், இரண்டாவதில் நடுவே 40 நாள். எழுதியவர் ஒரே ஆள்! முன்பு எழுதியதை மறந்துபோனவர் மாதிரி தெரியவில்லை. காலத்தைச் சுருக்கிச் சொல்வதை அவர் பொய்யாக நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக 1 கொரிந்தியர் 15:3-8. சுவிசேஷங்களுக்கு முன்பே, கி.பி. 50-களின் நடுவில் பவுல் எழுதியது. மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்கும் (பேதுருதான்) மற்றவர்களுக்கும் காணப்பட்டார். மணி இல்லை, தூதர் எண்ணிக்கை இல்லை. சபையில் சொல்லும் விசுவாச அறிக்கையான விசுவாசப்பிரமாணமும் பிலாத்து, மூன்றாம் நாள் என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது. பிலாத்து யூதேயாவை ஆண்டது 26 முதல் 36 வரை. அதற்குள் சிலுவை மரணம் 30-ஆ 33-ஆ என்று அறிஞர்கள் மல்லுக்கட்டட்டும். ஆனால் காலமே முக்கியமில்லை என்பவர்களோடும் நான் சேரமாட்டேன், பிலாத்துவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'ஒரு ஊரிலே ஒரு ராஜா'.

பெரிய வெள்ளியன்று தியானிக்கும், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளும் எந்த ஒரு சுவிசேஷத்திலும் மொத்தமாக இல்லை: லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று, மற்ற இருவரிடமும் அதே ஒன்று. கலந்து வாசித்தே பழகிவிட்டோம். அடுத்த லெந்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், மற்ற மூன்றையும் மூடிவைத்துவிட்டு யோவானை மட்டும் வாசியுங்கள். முதல் அதிகாரத்தில் இயேசுவைக் காட்டி "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்ற யோவான் ஸ்நானனின் குரல் கேட்கும். அவர் சாகிற பிற்பகலில் தேவாலயத்தில் பஸ்கா பண்டிகைக்கான ஆடுகளை அறுத்துக்கொண்டிருப்பார்கள்.