ஒரு வழக்கைப் பிடியுங்கள்: லத்தீனோ சட்டக் கட்டுரை எழுத ஒரு வழி

"அமெரிக்காவில் லத்தீனோ மக்களும் சட்டமும்" (லத்தீனோ என்றால் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) என்று தலைப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எழுதி முடிக்கவே முடியாது. குடியேற்றம், பள்ளி, வாக்குரிமை, பியூர்ட்டோ ரிக்கோ என்று அது விரிந்துகொண்டே போகும். ஒரே ஒரு வழக்கில் தொடங்குங்கள்.

என் யோசனை, 1954-இல் வந்த ஹெர்னாண்டஸ் எதிர் டெக்சாஸ். அதைப் பற்றி யார் என்ன எழுதினார்கள் என்று தேடும் முன் தீர்ப்பையே படியுங்கள், சில பக்கம்தான். ஜூரியில், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், மெக்சிகோ வம்சாவளியினரைச் சேர்ப்பதே இல்லை என்பது குற்றம் சாட்டப்பட்ட ஹெர்னாண்டஸின் வாதம். மெக்சிகோ வம்சாவளியினரும் வெள்ளையர்தானே, ஜூரியில் வெள்ளையர்கள் இருக்கிறார்களே, அப்புறம் என்ன பாகுபாடு என்று கேட்டது டெக்சாஸ் தரப்பு. ஆனால் ஜாக்சன் கவுன்டியில் 25 ஆண்டுகளில் அழைக்கப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட ஜூரர்களில் மெக்சிகோ வம்சாவளியினர் ஒருவர்கூட இல்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது ஒரு சின்ன விவரம்: அந்த நீதிமன்ற வளாகத்தில் ஆண்களுக்கு இரண்டு கழிப்பறை, ஒன்றில் எதுவும் எழுதவில்லை, இன்னொன்றில் 'கறுப்பின ஆண்கள்' என்று ஆங்கிலத்திலும் 'ஆண்கள் இங்கே' என்று ஸ்பானிய மொழியிலும் எழுதியிருந்தது. வெள்ளையர் என்ற வாதம் அந்தக் கதவிலேயே உடைந்துபோகிறது. இப்படி விலக்கியது பாகுபாடுதான் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். தீர்ப்பில் இந்த மாதிரி இடங்களைத்தான் அடிக்கோடிட வேண்டும்.

அடுத்து, அதோடு மோதும் ஒரு தீர்ப்பைத் தேடுங்கள். 1991-இல் ஹெர்னாண்டஸ் எதிர் நியூயார்க். பெயர் ஒன்று, ஆள் வேறு. அடிக்குறிப்பில் ஆண்டைப் போட மறக்காதீர்கள். ஸ்பானியம் தெரிந்த ஜூரர்கள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சொல்வதை அப்படியே ஏற்பார்களா என்று அரசு வழக்கறிஞருக்குச் சந்தேகம், அதனால் லத்தீனோக்கள் சிலரை நீக்கினார். அது இனப் பாகுபாடு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். சரி, இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். மொழியைச் சொல்லி விலக்குவது எந்த இடத்தில் இனத்தைச் சொல்லி விலக்குவதாக ஆகிறது? உங்கள் கட்டுரைக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

இதற்கப்புறம் பிறர் எழுதியதைப் படிக்கலாம். 1990களில் உருவான 'லாட்கிரிட்' (லத்தீனோ பார்வையில் சட்டத்தை விமர்சிக்கும் கோட்பாடு) சிந்தனையாளர்கள் கறுப்பு-வெள்ளை என்ற இரண்டு கட்டத்துக்கு வெளியே நின்று மொழி, குடியேற்ற நிலை பற்றியெல்லாம் எழுதியவர்கள், அங்கிருந்து தொடங்குங்கள்.

சொற்களில் கவனம் தேவை. ஹிஸ்பானிக் என்பது ஸ்பானிய மொழிப் பின்னணி கொண்டவரைக் குறிக்கும் சொல். ஸ்பெயின்காரர் ஹிஸ்பானிக், ஆனால் பொதுவாக லத்தீனோ என்று யாரும் சொல்வதில்லை. 1954 தீர்ப்பு பேசுவது 'மெக்சிகோ வம்சாவளியினர்' பற்றி. அதை விளக்கும்போது 'லத்தீனோ' என்று மாற்றாதீர்கள்.